வேர்க்கணுவில் ஐந்து நிலமும் வந்து நிற்கிறது, இதை நம்பலாமா?

வண்டுக்காரி:
வணக்கம். அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு வண்டுக் குழுவோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று உயிரோடு இருப்பவை தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, ஆஸ்திரேலியா என ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. டி.என்.ஏ. வரிசைகளை வைத்துக் கிளைமரம் போட்டாயிற்று. கிளை பிரியும் ஒவ்வொரு கணுவுக்கும் வயதும் கணித்தாயிற்று. மூதாதை எங்கே வாழ்ந்தது என்று பார்க்க, கடைசியாக டெக் (DEC) என்ற கணினி மாதிரியில் ஓட்டினேன். விடை: மரத்தின் வேர்க்கணுவில் ஐந்து இடமும்! அதாவது எல்லாவற்றுக்கும் மூத்த வண்டு ஐந்து நிலத்திலும் ஒரே சமயத்தில் பரவியிருந்ததாம்.

கைடு பார்த்துவிட்டு, “கோண்டுவானாதான், எழுதி முடி” என்றார். அதாவது, இந்த நிலங்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த அந்தப் பழைய பெருங்கண்டம் பிளந்தபோது பிரிந்தவையாம். ஆனால் என் வேர்க்கணுவின் வயது சுமார் 5.5 கோடி ஆண்டு. அதற்குள் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இந்தியாவும் தனித்தனியாகக் கடலில் நிற்கின்றன. பறக்கவே சோம்பல்படும் என் வண்டு எப்படி ஐந்திலும் இருந்திருக்கும்? மென்பொருள் தப்பா, நான் தப்பா?

நாலாம்கணக்கு:
மென்பொருள் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு இனம் அதிகபட்சம் எத்தனை பகுதியில் இருக்கலாம் என்ற இடத்தில் என்ன கொடுத்தீர்கள்?

வண்டுக்காரி:
எதையும் தொடவில்லை. ஐந்து என்றே இருந்தது.

நாலாம்கணக்கு:
அங்கேயே பாதிச் சிக்கல். டெக் உள்ளே என்ன செய்கிறது என்று பாருங்கள். கிளை நெடுக இரண்டே காரியம் நடக்கலாம்: புதுப் பகுதிக்குப் பரவுவது, இருந்த பகுதியில் அழிந்துபோவது. கணுவுக்கு வந்ததும் தாயின் பரப்பை இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு பிரிக்கிறது. ஒன்றுக்கு ஒரு துண்டு, மற்றதற்கு மீதி. இல்லையென்றால் ஒன்று முழுப் பரப்பையும் வைத்துக்கொள்ளும், மற்றது அதற்குள் ஒரு மூலையில் தொடங்கும். ரீயும் ஸ்மித்தும் 2008-ல் இதை முன்வைத்தபோதே ஒரு குறை தெரிந்திருந்தது. உயிரோடு இருப்பவற்றை மட்டும் கொடுத்தால், அழிவு வீதத்தை இது கிட்டத்தட்டப் பூஜ்ஜியம் என்றே கணிக்கும். அழிவே இல்லையென்றால் பரப்பு எப்படிச் சுருங்கும்? கணுவில் பங்கு போட்டால்தான் சுருங்கும். அப்படியானால் பங்கு போட முதலில் பெரிய சொத்து வேண்டும். அதனால் வேருக்குப் போகப் போக மூதாதையின் பரப்பு ஊதிக்கொண்டே போகும்.

உங்கள் குழுவில் இன்று ஒரே இனம் எத்தனை பகுதியில் இருக்கிறது?

வண்டுக்காரி:
பெரும்பாலும் ஒன்றில்தான். இரண்டே இரண்டு இனங்கள் மட்டும் இரண்டு பகுதிகளில்.

நாலாம்கணக்கு:
அப்புறம் மூதாதைக்கு மட்டும் ஏன் ஐந்து? இரண்டு என்று கட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். வேகமாகவும் ஓடும். ஐந்து பகுதிக்கு 32 சேர்க்கை, பத்து என்றால் 1,024. ஒவ்வொரு பகுதி கூடும்போதும் இரட்டிக்கும்.

எலும்புபொறுக்கி:
கட்டிவிட்டு ஓட்டினால் விடை அழகாகிவிடும், உண்மையாகிவிடாது. எனக்குப் பிடித்த ஒட்டகக் கணக்கைச் சொல்கிறேன். தாளும் பென்சிலும் போதும்.

உயிரோடு இருக்கும் ஒட்டகக் குடும்பம் இரண்டு கிளை. ஒரு பக்கம் ஆசிய, ஆப்பிரிக்க ஒட்டகங்கள், பழைய உலகம், ‘ப’ என்று வையுங்கள். மறுபக்கம் லாமாவும் விக்குன்யாவும், தென் அமெரிக்கா, ‘தெ’. ரோன்குவிஸ்ட் 1997-ல் கொண்டுவந்த டிவா முறையில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு செலவு. நிலம் பிளந்து இனம் பிரிந்தால் செலவு 0. புது இடத்துக்குப் பரவினால் 1. அழிந்தால் 1. மொத்தச் செலவு குறைந்த கதையே வெல்லும். இந்த மரத்துக்குப் போடுங்கள்: மூதாதை ப+தெ இரண்டிலும் இருந்தது, நடுவில் பிளந்தது, செலவு பூஜ்ஜியம். இதைவிடச் சிக்கனமான கதை கிடையாது.

அது முழுக்கத் தவறு. ஒட்டகக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில், சுமார் 4.5 கோடி ஆண்டுக்கு முன். அதன் காலத்தில் பெரும்பகுதி அங்கேயேதான் கழிந்தது. 60, 70 லட்சம் ஆண்டுக்கு முன் ஒரு கிளை பெரிங் வழியாக ஆசியாவுக்குப் போனது. சுமார் 30 லட்சம் ஆண்டுக்கு முன் இன்னொரு கிளை பனாமா வழியாகத் தெற்கே இறங்கியது. சொந்த வீட்டில் இருந்தவை கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில்தான் அழிந்தன. உயிரோடு இருப்பவற்றை மட்டும் பார்த்தால் வட அமெரிக்கா என்ற இடமே உங்கள் அட்டவணையில் இருக்காது. இல்லாத இடத்தை எந்த மென்பொருளும் விடையாகத் தராது.

இப்போது மூன்று புதைபடிவங்களைச் சேருங்கள், எல்லாமே வட அமெரிக்கா, ‘வ’. ஒட்டகத்துக்குப் பக்கத்தில் கேமலாப்ஸ். அதன் பழைய டி.என்.ஏ.வை 2015-ல் படித்து, அது ஒட்டகத்துக்கே நெருக்கம் என்று காட்டினார்கள். லாமாவுக்குப் பக்கத்தில் ஹெமியாக்கேனியா. எல்லாவற்றுக்கும் வெளியே பழைய போயெப்ரோதீரியம். ஒரு கணு, ஒரு இடம் என்ற எளிய சிக்கன முறையில் போடுங்கள். ஒட்டகக் கணுவில் ப அல்லது வ. லாமாக் கணுவில் தெ அல்லது வ. இரண்டுக்கும் பொது வ. வேரிலும் வ. முடிந்தது.

நாலாம்கணக்கு:
முடியவில்லை! நீங்கள் தொடங்கியது டிவாவில், முடித்தது வேறு முறையில். அதே ஆறு பெயரை டிவாவிலேயே போட்டால் வேரில் ‘வ’ வருவது உண்மை, மொத்தச் செலவு 2. ஆனால் வேரில் ப+வ+தெ மூன்றும் என்று வைத்தாலும் செலவு 2 தான்: முதலில் வ பிரிகிறது, அப்புறம் பவும் தெவும் பிரிகின்றன, பிறகு இரண்டு கிளையும் தனித்தனியாக ‘வ’வுக்குத் திரும்பப் பரவுகின்றன. புதைபடிவம் சேர்த்த பிறகும் டிவாவால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிளவு இலவசம் என்று எழுதி வைத்துவிட்டால் இதுதான் கதி.

எலும்புபொறுக்கி:
போட்டுப் பார்த்தேன். சரிதான், சமநிலை வருகிறது. எழுதும்போது அவசரப்பட்டேன். ஆனாலும் பாருங்கள், புதைபடிவம் இல்லாதபோது ‘வ’ போட்டியிலேயே இல்லை. இப்போது முதல் இடத்தைப் பங்கு போடுகிறது.

இன்னொன்று. தேன்சிட்டு மாதிரி தேன் குடிக்குமே, அந்த ஹம்மிங் பறவை, இன்று அமெரிக்காக்களைத் தவிர எங்கும் இல்லை. இன்றைய வடிவிலேயே இருக்கும் மிகப் பழைய எலும்புக்கூடு எங்கே கிடைத்தது தெரியுமா? ஜெர்மனியில். சுமார் 3 கோடி ஆண்டுப் பழசு, 2004-ல் விவரித்தார்கள்.

சும்மா_ஒருவன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் இந்தத் துறை இல்லை. மடகாஸ்கர், இந்தியா, ஆப்பிரிக்கா என்று கேட்டதும் லெமூரியா ஞாபகம் வந்தது. அது இருந்திருந்தால் வண்டு நடந்தே போயிருக்குமே?

பாறைக்கிழவர்:
தம்பி, நல்ல இடத்தில் கேட்டீர்கள். லெமூரியா பிறந்ததே இந்த இழையில் பேசும் அதே பிரச்சினையால்தான். 1864-ல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதினார். லெமூர்கள் அங்கே குவிந்திருக்கின்றன, அவற்றின் உறவுகள் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கின்றன, நடுவில் கடல். கண்டங்கள் நகரும் என்று அன்று யாருக்கும் தெரியாது. வெகெனர் அதைச் சொன்னதே 1912-ல், உலகம் ஏற்றுக்கொண்டது 1960களில். ஆகவே ஸ்கிளேட்டர் கையில் இருந்த ஒரே வழி, நடுவில் ஒரு நிலம் இருந்து மூழ்கியது என்பது. குரங்கினத்தின் உறவுக்காரப் பிராணியான லெமூரை வைத்து வந்த பெயர்தான் அது. பின்னால் அதில் மனிதர்களைக் குடியேற்றியது வேறு கதை, அதற்கு நிலவியலில் இடமில்லை. இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு பெரும்பாலும் எரிமலைப் பாறை. கண்டத் துணுக்குகள் சில உண்டு, சேஷல்ஸ் ஒன்று. முழுக் கண்டம் எதுவும் மூழ்கிக் கிடக்கவில்லை.

இப்போது தேதிகள். மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டு விலகத் தொடங்கியது சுமார் 16 கோடி ஆண்டுக்கு முன். இந்தியா மடகாஸ்கரை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி. வண்டுக்காரி அம்மா சொல்லும் 5.5 கோடியில், தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மட்டும் அண்டார்டிகா வழியாகத் தொட்டுக்கொண்டோ, தொடும் தூரத்திலோ இருந்தன. மற்ற மூன்றுக்கும் கோண்டுவானா கதை செல்லாது. மரத்தைக் காலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த நிலத்திலிருந்து எதற்குப் போவது எளிது என்று அட்டவணை கொடுக்க வழி உண்டு. அதைச் செய்யாமல் ஓட்டினால், அந்த மென்பொருளுக்கு இன்றைய பூமியும் அன்றைய பூமியும் ஒன்றுதான்.

பிளவுவாதி:
எல்லோரும் கடலைத் தாண்டிய கதைக்கே ஓடுகிறீர்கள். இந்தோனேசியத் தீவுகளான பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவில் 35 கி.மீ. கடல்தான். இயற்கையியலாளர் வாலஸ் அங்கேதான் கோடு போட்டார், இரண்டு பக்கமும் வேறு வேறு விலங்குகள். பனியுகத்தில் கடல் 120 மீட்டர் இறங்கியபோதும் அந்த நீரிணை வற்றவில்லை, பல விலங்குகள் தாண்டவில்லை. 35 கி.மீ. தாண்டாதவை, ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே உள்ள மொசாம்பிக் கால்வாயின் 400 கி.மீ.யைத் தாண்டுமா? “தாண்டியது” என்று சொல்லிவிட்டால் எதையும் விளக்கிவிடலாம், எதையும் சோதிக்க முடியாது. உயிர்ப்பரவலை ஆராய்ந்த குரோய்சாட் வாழ்நாள் முழுக்கக் கத்தியது இதைத்தான். சம்பந்தமே இல்லாத பத்துக் குழுக்கள் ஒரே மாதிரி பிரிந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தெப்பம் கட்டுவதைவிட ஒரே நிலப்பிளவைத் தேடுவது அறிவுள்ள வேலை.

நத்தைவேகம்:
பத்துக் குழு வாதம் எனக்கும் பிடிக்கும், நியாயமானது. ஆனால் அந்தப் பத்தும் ஒரே காலத்தில் பிரிந்தனவா என்று கேட்க வேண்டும். கிளைகளின் வடிவம் ஒன்றுபோல இருந்து, வயது 10 கோடி, 6 கோடி, 2 கோடி என்று வந்தால் அது ஒரே நிகழ்வு இல்லை. நிலப்பகுதிகளையே கிளைமரமாக வரைந்த பழைய முறைகள் வடிவத்தை மட்டும் ஒப்பிட்டன. காலத்தை உள்ளே கொண்டுவந்த பிறகுதான் நிறைய கோண்டுவானாக் கதைகள் சரிந்தன.

தெப்பம் கேலிக்குரிய விஷயமும் இல்லை. 1995-ல் இரண்டு புயலுக்குப் பின் கரீபியனில் அங்குவில்லா தீவில் வேரோடு சாய்ந்த மரங்கள் கரை ஒதுங்கின. மேலே குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள்! அதற்கு முன் அந்தத் தீவில் அந்த இனமே இல்லை. டார்வின் 87 வகை விதைகளை உப்பு நீரில் போட்டு வைத்தார், 28 நாள் கழித்தும் 64 முளைத்தன. ஃபிஜியின் இகுவானாக்களுக்கு மிக நெருங்கிய உறவு வட அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கிறது, நடுவில் சுமார் 8,000 கி.மீ. பசிபிக்.

பாறைக்கிழவர்:
மடகாஸ்கர் பற்றி ஒரு வரி. இன்று நீரோட்டம் ஆப்பிரிக்கா நோக்கித் தள்ளுகிறது, அதனால்தான் தெப்பக் கதையைப் பலர் நம்பவில்லை. ஆனால் அன்று தீவு இன்னும் தெற்கே இருந்தது. அந்தக் காலத்து நீரோட்டங்களைக் கணினியில் மீட்டுப் பார்த்து, சில சமயம் ஆப்பிரிக்காவிலிருந்து தீவு நோக்கி வேகமாக ஓடியிருக்கிறது என்று 2010-ல் காட்டினார்கள். அங்கே தரையில் வாழும் உள்ளூர்ப் பாலூட்டிகள் இன்று நான்கே கூட்டம்: லெமூர், டென்ரெக், ஊனுண்ணிகள், எலிகள். யானை இல்லை, பூனை இல்லை, மான் இல்லை. நிலப்பாலம் இருந்திருந்தால் இவ்வளவு கஞ்சத்தனமாகவா வந்திருக்கும்?

பிளவுவாதி:
வயது, வயது என்கிறீர்களே, அந்த வயது எங்கிருந்து வந்தது? டி.என்.ஏ. மாற்றங்களை எண்ணி வயது கணிக்கும் மூலக்கூற்றுக் கடிகாரத்துக்கு யார் சாவி கொடுத்தார்கள்?

நாலாம்கணக்கு:
இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான். வண்டுக்காரி, உங்கள் மரத்தின் வயதை எதை வைத்து அளந்தீர்கள்?

வண்டுக்காரி:
இரண்டு புதைபடிவம். அப்புறம்... மடகாஸ்கர்-இந்தியா பிரிவை ஒரு கணுவுக்கு. அது பலர் செய்கிறார்களே என்று.

நாலாம்கணக்கு:
பலர் செய்கிறார்கள், பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பிளவு 8.8 கோடியில் நடந்தது, அதனால் இந்தக் கணுவின் வயது 8.8 கோடி என்று நீங்களே எழுதிவிட்டு... ஒரு நிமிடம். உங்கள் வேரே 5.5 கோடி என்றீர்கள். அதற்குள் இருக்கும் கணு 8.8 ஆக முடியாதே?

வண்டுக்காரி:
ஐயோ. மேல் எல்லையாக மட்டும் கொடுத்திருந்தேன். “8.8 கோடிக்கு மேல் போகாதே” என்று. அதனால் அது எதையும் கட்டவே இல்லை, புதைபடிவங்கள்தான் வேலை பார்த்திருக்கின்றன.

நாலாம்கணக்கு:
அப்படியானால் தப்பித்தீர்கள். சும்மா கிடந்த ஒரு கட்டுப்பாடு, எடுத்துவிடுங்கள். அழுத்தமாகக் கொடுத்திருந்தால், நிலப்பிளவை வைத்து வயதை அளந்து, அந்த வயதை வைத்து நிலப்பிளவை நிரூபித்திருப்பீர்கள்.

நத்தைவேகம்:
நில நிகழ்வு எப்போதும் உயிர் நிகழ்வோடு சேர்ந்தே நடக்கும் என்பதும் இல்லை. பனாமா நிலச்சந்தி மூடியது சுமார் 30 லட்சம் ஆண்டுக்கு முன் என்பது வழக்கமான கணக்கு. இரண்டு கடலிலும் ஜோடி ஜோடியாக இருக்கும், கொடுக்கைச் சொடுக்கும் இறால்களை நான்சி நோல்ட்டன் குழுவினர் எடுத்துப் பார்த்தார்கள். எல்லா ஜோடியும் ஒரே நாளில் பிரியவில்லை. சற்று ஆழத்தில் வாழ்பவை முன்னாடியே பிரிந்துவிட்டன. கடைசி வரை ஒட்டிக்கொண்டிருந்தவை சதுப்புக் காட்டு ஓரத்தில் வாழ்பவை. கதவு ஒரேயடியாகச் சாத்தப்படவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மூடியது.

தீவின் வயதும் அப்படித்தான். ஹவாயில் இன்றிருக்கும் பெரிய தீவுகளில் மூத்தது கவாய், சுமார் 50 லட்சம் ஆண்டு. ஆனால் அங்குள்ள லோபெலியாச் செடிக் கூட்டத்தின் வயது சுமார் 1.3 கோடி. தீவை விடச் செடி மூத்தது! இன்று தேய்ந்து கடலோடு கடலாகிவிட்ட பழைய தீவுகளில் இறங்கி, ஒவ்வொன்றாகத் தாவி வந்திருக்கிறது.

சும்மா_ஒருவன்:
நெருப்புக்கோழி வகைகள் கோண்டுவானா என்று பள்ளியில் படித்தேனே, அதுவும் போச்சா?

நத்தைவேகம்:
கிட்டத்தட்டப் போச்சு. மடகாஸ்கரில் அழிந்துபோன யானைப்பறவைக்கு, பக்கத்து ஆப்பிரிக்க நெருப்புக்கோழி நெருக்கமாக இருக்க வேண்டும் அல்லவா? 2014-ல் பழைய டி.என்.ஏ. படித்தால், நெருங்கிய உறவு நியூசிலாந்தின் கிவி. இந்த இரண்டு நிலமும் ஒட்டியிருந்ததே இல்லை. பறக்கும் டினமு என்ற பறவையும் இவற்றின் நடுவிலேயே மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பறந்து போன மூதாதைகள் அங்கங்கே தனித்தனியாகப் பறப்பதை விட்டிருக்கின்றன.

சும்மா_ஒருவன்:
பனியுகம் மாதிரி நேற்றைய கதைக்கும் இதே முறைகளா?

நத்தைவேகம்:
இல்லை, அதற்கு இனங்களுக்கு இடையே போக வேண்டாம், ஒரே இனத்துக்குள் மரபணு எப்படிச் சிதறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஐரோப்பாவில் ஒரு புல்வெளி வெட்டுக்கிளி. பனி விலகியதும் பெரும்பாலான ஐரோப்பாவை நிரப்பியது பால்கன் பக்கத்துக் கூட்டம். ஸ்பெயின் கூட்டம் பிரனீஸ் மலைக்கும், இத்தாலிக் கூட்டம் ஆல்ப்ஸுக்கும் பின்னாலேயே நின்றுவிட்டன. தெற்கே மரபணு வகை அதிகம், வடக்கே குறைவு. கூடவே 21,000 ஆண்டுக்கு முந்தைய தட்பவெப்பத்தில் அது எங்கே வாழ்ந்திருக்க முடியும் என்று வரைபடம் போட்டு ஒப்பிடுவார்கள். அதற்குத் தனி இழை திறப்போம்.

வண்டுக்காரி:
மறுபடி ஓட்டினேன். அதிகபட்சம் இரண்டு பகுதி, நான்கு காலத் துண்டு, பயனில்லாத அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டேன். வேரில் இப்போது தென் அமெரிக்கா+ஆஸ்திரேலியா. ஜே சேர்த்தும் ஓட்டினேன். பொருத்தம் எங்கேயோ போய்விட்டது, அவ்வளவு நல்ல எண்!

நாலாம்கணக்கு:
அந்த எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். ஜே என்பது ஒரு தாவல்: கணுவில் ஒரு பிள்ளை சட்டென்று புது இடத்தில் போய் விழுவது. மாட்ஸ்கே 2014-ல் இதைப் பரவலாக்கினார். தீவுகளுக்கு அர்த்தமுள்ள யோசனை. ஆனால் கணுவில் தாவுவதற்குக் கிளையின் நீளம் தேவையில்லை. அதனால் எல்லா இடமாற்றத்தையும் கணுவிலேயே முடித்துவிட்டு, காலத்தைக் கண்டுகொள்ளாத மாதிரியாக அது சாய்ந்துவிடும், டெக்கோடு பொருத்த எண்ணை ஒப்பிடுவதே செல்லாது என்று ரீயும் சான்மார்ட்டினும் 2018-ல் எழுதினார்கள். மாட்ஸ்கே 2022-ல் மறுத்தார். நான் இரண்டையும் ஓட்டி, இரண்டிலும் மாறாமல் நிற்கும் கணுக்களை மட்டும் பேசுவேன். மற்றதற்கு “தெரியாது” என்று எழுத எனக்குக் கூச்சமில்லை.

எலும்புபொறுக்கி:
எல்லாம் சரி, அட்டவணையில் இன்னும் ஐந்து தெற்கு நிலம்தான் இருக்கிறது. ஒட்டகத்தை மறந்துவிட்டீர்கள்! ஆர்க்கேயிடே என்ற சிலந்திக் குடும்பம், கழுத்து நீண்டு பெலிக்கன் மாதிரி இருக்கும். இன்று மடகாஸ்கர், தென் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா. பார்த்தால் பச்சைக் கோண்டுவானா. ஆனால் அதை முதலில் 1854-ல் விவரித்ததே பால்டிக் அம்பருக்குள், அதாவது இறுகிக் கல்லான மரப்பிசினுக்குள், புதைபடிவமாக இருந்த சிலந்தியை வைத்து. உயிரோடு ஒன்று மடகாஸ்கரில் இருக்கிறது என்று தெரிந்தது 1881-ல். அழிந்தது என்று நினைத்தது உயிரோடு வந்தது, தெற்கத்தியது என்று நினைத்தது வடக்கே இருந்தது. உங்கள் வண்டின் குடும்பத்தில் அம்பர்ப் பதிவு எதுவும் இல்லையா?

வண்டுக்காரி:
ஒன்று இருக்கிறது. பழைய விவரிப்பு, அரைப் பக்கம், பால்டிக் அம்பர். “இடம் உறுதியில்லை” என்று எழுதியிருந்ததால் நான் முதல் வருடமே ஒதுக்கிவிட்டேன்.

எலும்புபொறுக்கி:
ஒதுக்கினீர்களா!

வண்டுக்காரி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அருங்காட்சியகத்தில் கேட்டுப் புது படங்கள் வாங்கினேன். ஆறாவதாக ‘வடக்கு’ என்று ஒரு பகுதி சேர்த்து, அந்த வண்டை என் குழுவின் அடியில் ஒட்டி ஓட்டிப் பார்த்தேன். வேர் வடக்கையும் சேர்த்துக்கொள்கிறது. குழுவுக்கு வெளியே ஒட்டினால் பழையபடி தென் அமெரிக்கா+ஆஸ்திரேலியா. ஆக, எல்லாம் அந்த ஒரு வண்டு எங்கே ஒட்டுகிறது என்பதில் நிற்கிறது. என் குழுவுக்கு அடையாளம் உணர்கொம்பின் கடைசி மூன்று துண்டு தடித்திருப்பது. படத்தில் இடது கொம்பு உடைந்திருக்கிறது. வலது கொம்பின் நுனி மேல் சரியாக ஒரு காற்றுக்குமிழ்.

எலும்புபொறுக்கி:
கல்லைத் திருப்பி அடிப்பக்கத்திலிருந்து படம் எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் தெரியவில்லையென்றால் மைக்ரோ சி.டி. ஸ்கேன். குமிழ் குறுக்கே நிற்காது, எக்ஸ்-கதிர் அதைத் தாண்டிப் பார்க்கும்.

வண்டுக்காரி:
ஸ்கேனுக்கு வரிசையில் போட்டிருக்கிறார்கள். கைடுக்கு இன்னும் சொல்லவில்லை.